சொல்லாமல் காப்பதா, சொல்லித் தாங்குவதா?



ஒரு வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் கூறிவிட்டால், அந்தச் செய்தி அவருடைய உடம்போடு நின்றுவிடுவதில்லை. அடுப்படிக்கும் போகிறது, பிள்ளைகளின் படிப்பிற்கும் போகிறது, பெட்டியில் இருக்கும் பணத்தையும் தொட்டுப் பார்க்கிறது. நோய் ஒருவருக்குத்தான். சோதனையோ வீட்டார் அனைவருக்கும். அச்சோதனையைக் கூடி நின்று எதிர்கொள்வதில் பெயர்பெற்ற ஒரு சமூகத்தாரைப் பற்றி இம்மாதம் உங்களோடு பேச விழைகிறேன். அவர்களுடைய பலத்தை மட்டுமன்றி, அந்தப் பலமே சில வேளைகளில் எவ்வாறு சுமையாகிறது என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் இலத்தீன் அமெரிக்க வழிவந்த மக்களையே குறிப்பிடுகிறேன். மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடோர், டொமினிக்கன் குடியரசு முதலிய இடங்களிலிருந்து வந்தவர்களும் அவர்கள் வழித்தோன்றல்களும் இதில் அடங்குவர். ஆணை லத்தீனோ என்றும் பெண்ணை லத்தீனா என்றும் அழைப்பது வழக்கம். இருபாலாரையும் சேர்த்துக் குறிக்க லத்தீனெக்ஸ் என்றொரு புதுச்சொல்லைப் படித்தவர்கள் ஆக்கியிருக்கிறார்கள். அம்மக்களிடையே அதனைப் புழங்குவோர் மிகச் சிலரே. 2020ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இவர்கள் 6 கோடியே 21 இலட்சம் பேர். அந்நாட்டில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்.

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, புற்றுநோய்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் வெள்ளையரைவிட இவர்களிடம் அந்நோய் குறைவு. ஆயினும் கல்லீரல், இரைப்பை ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் வெள்ளையரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. கருப்பை வாய்ப் புற்றுநோயும் இப்பெண்களிடம் அதிகம். கிருமித் தொற்றினால் விளையும் புற்றுநோய்கள் இவை. உரிய காலத்தில் பரிசோதித்தாலும் தடுப்பூசி போட்டாலும் பெருமளவு தவிர்க்கக் கூடியவை. ஆனால் மருத்துவக் காப்பீடு இல்லாதோர் விகிதம் இவர்களிடம் வெள்ளையரைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆகவே கையில் பணமும் இல்லாமல், ஆங்கிலமும் சரிவரத் தெரியாமல் மருத்துவமனை வாசலில் நிற்கும் பலருக்கு எஞ்சியிருக்கும் ஒரே சொத்து குடும்பம்தான்.

குடும்பமே கோட்டை

ஸ்பானிய மொழியில் ‘ஃபமிலியிஸ்மோ’ என்றொரு சொல் உண்டு. தனி மனிதனின் விருப்பத்திற்கும் மேலாகக் குடும்பத்தை வைத்துப் போற்றும் மனப்பாங்கே அது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும் அல்லர். பாட்டன், பாட்டி, மாமன், அத்தை, ஒன்றுவிட்ட சகோதரர் எல்லாரும் அதில் சேர்த்தி. பிள்ளைக்கு ஞானஸ்நானம் செய்விக்கும்போது ஞானத் தந்தையாகவும் ஞானத் தாயாகவும் நிற்பவர்கள், பிள்ளையைப் பெற்றவர்களுக்குக் ‘கொம்பாத்ரே’, ‘கொமாத்ரே’ ஆகிறார்கள். இரத்த உறவு இல்லாவிட்டாலும் ஆபத்தில் ஓடி வரவேண்டிய உறவு அது.

இந்த மனப்பாங்கை 1987இல் கலிஃபோர்னியாவில் ஆராய்ந்தவர்கள் அதனுள் மூன்று இழைகள் இருப்பதைக் கண்டார்கள். உறவினருக்கு உதவுவது என் கடமை என்பது ஒன்று. எனக்கொரு துன்பம் வந்தால் உறவினர் தாங்குவர் என்னும் நம்பிக்கை மற்றொன்று. எதைச் செய்தாலும் குடும்பத்தாரின் கண்கொண்டு பார்த்துச் செய்வது மூன்றாவது. அமெரிக்க வாழ்க்கையில் ஊற ஊற முதலாவதும் மூன்றாவதும் தேய்ந்தன. ஆனால் ‘என்னைத் தாங்குவார்கள்’ என்ற நம்பிக்கை மட்டும் குறையாமல் உயர்ந்தே நின்றது. கவனியுங்கள், சகோதரர்களே! கடமையுணர்ச்சி தளர்ந்த பிறகும் எதிர்பார்ப்பு தளரவில்லை. தாங்குவார்கள் என்று நம்பியிருப்பவரைத் தாங்கக் கை இல்லாமற்போனால் நோயாளியின் நிலை என்னவாகும்?

தாங்கும் கை இருக்கும்போது அது எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். மருந்தேற்றும் நாளில் மகன் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காரோட்டுகிறான். வாந்தியால் துவண்டு வீடு திரும்பும் தாய்க்கு மகள் கோழிச்சாறு காய்ச்சி வைத்திருக்கிறாள். அத்தை பேரப்பிள்ளைகளைத் தன் வீட்டிற்கு அழைத்துச் செல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உறவினர் எல்லாரும் கூடித் தமால் செய்து விற்று மருத்துவச் செலவிற்குப் பணம் திரட்டுகிறார்கள். மருந்தின் பெயர் இவர்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் நோயாளி மருந்தை விடாமல் எடுத்துக்கொள்வதற்கு இவர்களே காரணம்.

இதற்கு ஒரு பெரிய சான்றும் உண்டு. கலிஃபோர்னியாவில் 2000 முதல் 2009 வரை புற்றுநோய் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 8 இலட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. மணமாகாதவர்களைவிட மணமானவர்கள் நீண்டநாள் உயிர் வாழ்ந்தார்கள் என்று அது காட்டியது. இது எதிர்பார்த்ததே. வியப்பிற்குரியது வேறொன்று. மணமாகாதிருப்பதால் வரும் பாதிப்பு, அமெரிக்காவில் பிறந்த லத்தீனோக்களைவிட அயல்நாட்டில் பிறந்து குடியேறியவர்களிடம் குறைவாக இருந்தது. குடியேறியவருக்குத் துணைவர் இல்லாவிட்டாலும் பரந்த உறவும் சுற்றமும் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன என்று இதற்கு விளக்கம் கூறலாம். அந்தச் சுற்றம் சுருங்கச் சுருங்க, மனிதன் ஒரே ஒரு துணையை நம்பி நிற்கிறான்.

மறைக்கப்படும் செய்தி

இனி, பலம் சுமையாக மாறும் இடத்திற்கு வருவோம்.

“டாக்டர், அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் அவர் மனம் உடைந்துவிடும்.” பரிசோதனை முடிவு வந்ததும் மகனோ மகளோ மருத்துவரைத் தனியே அழைத்துச் சென்று வேண்டிக்கொள்வது இக்குடும்பங்களில் அரிதன்று. இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஏதேனும் ஒரு வீடு நினைவுக்கு வந்திருந்தால் அதில் வியப்பில்லை. மறைப்பவர் நெஞ்சில் வஞ்சகம் ஏதுமில்லை. அன்புதான் மறைக்கிறது.

1995இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வாழ்ந்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 800 முதியவர்களை ஆய்வாளர்கள் சந்தித்தார்கள். ஐரோப்பிய வழியினர், ஆப்பிரிக்க வழியினர், கொரிய வழியினர், மெக்சிகோ வழியினர் என நான்கு பிரிவிலும் இருநூறு பேர். உடலில் பரவிவிட்ட புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்ல வேண்டுமா என்ற வினாவிற்கு, ஐரோப்பிய வழியினரில் 100க்கு 87 பேர் ஆம் என்றார்கள். மெக்சிகோ வழியினரில் 65 பேர் ஆம் என்றார்கள். பிழைப்பது அரிது என்பதையும் சொல்ல வேண்டுமா என்ற வினாவிற்கு முன்னவரில் 69 பேரும் பின்னவரில் 48 பேரும் உடன்பட்டார்கள். உயிர்காக்கும் கருவிகளைப் பொருத்துவது பற்றிய முடிவை நோயாளியே எடுக்க வேண்டும் என்றவர்கள் முறையே 65 பேரும் 41 பேரும்.

இந்த ஆய்வைப் பலரும் ஒரு பக்கமாகவே படிக்கிறார்கள். “பார்த்தீர்களா, இம்மக்கள் உண்மையை அறிய விரும்பாதவர்கள், குடும்பத்தாரே முடிவெடுப்பதை விரும்புகிறவர்கள்” என்று முடித்துவிடுகிறார்கள். மற்றொரு பக்கமாகத் திருப்பிப் படித்துப் பாருங்கள். மெக்சிகோ வழிவந்த முதியவர்களிலேயே மூவரில் இருவர், நோய் என்னவென்று நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்கிறார்கள்! ‘எங்கள் அம்மா தாங்கமாட்டார்’ என்று பிள்ளை தானாகவே முடிவு செய்யும்போது, அந்த அம்மா எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று எவரும் கேட்கவில்லை. அவர் அந்த இருவரில் ஒருவராகவும் இருக்கலாம், மூன்றாமவராகவும் இருக்கலாம். கேட்டால் ஒழிய யாருக்குத் தெரியும்?

மறைப்பதால் நேரும் இழப்பு பெரிது. தலைமுடி உதிர்கிறது, உடல் மெலிகிறது, வருகிறவர்கள் கண்கலங்குகிறார்கள். நோயாளி முட்டாள் அல்லர். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தே விடுகிறது. தனக்குத் தெரிந்தது பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாதென்று அவரும் மறைக்கிறார். ஒரே கூரையின் கீழ் எல்லாரும் ஒருவரையொருவர் காப்பதாக எண்ணித் தனித்தனியே அழுகிறார்கள். பிரிந்திருக்கும் தம்பியை அழைத்துப் பேசவேண்டும், வாங்கிய கடனைத் தீர்க்கவேண்டும், பேத்தியிடம் இரண்டு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று அவருக்கு ஆயிரம் இருக்கும். அந்த வாய்ப்பை அன்பின் பெயரால் பறித்துவிடுகிறோம்.

அப்படியானால் மருத்துவர் முகத்திற்கு நேரே போட்டு உடைத்துவிட வேண்டுமா? அதுவும் முறையன்று. டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த மருத்துவர் வால்டர் பெய்ல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், துயரச் செய்தியைச் சொல்வதற்கு ஆறு படிகள் கொண்ட முறையொன்றை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அதில் மூன்றாவது படி, நோயாளியின் அனுமதியைக் கேட்பது. ‘முடிவு வந்ததும் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லட்டுமா? அல்லது உங்கள் வீட்டாரில் ஒருவரிடம் சொன்னால் போதுமா?’ என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். “என் மூத்த மகளிடம் சொல்லுங்கள், அவள் பார்த்துக்கொள்வாள்” என்று தாய் சொன்னால், அது அவருடைய முடிவு. அதை மதிக்க வேண்டும். “என்னிடமே சொல்லுங்கள்” என்றால் அதையும் மதிக்க வேண்டும். குடும்பத்தை ஒதுக்காமலும் நோயாளியை ஒதுக்காமலும் செல்லும் நடுவழி இதுவே.

சிறுவனின் தோளில் பெரிய சுமை

ஆங்கிலம் அறியாத பெற்றோருடன் மருத்துவமனைக்குச் செல்லும் பிள்ளை, அங்கே மொழிபெயர்ப்பாளனாகவும் ஆகிவிடுகிறான். பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவன். ‘கட்டி கல்லீரலுக்கும் பரவிவிட்டது’ என்று மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதை, தன் தாயின் முகத்தைப் பார்த்து ஸ்பானிய மொழியில் அவன் சொல்ல வேண்டும். சொல்வானா? ‘ஒன்றுமில்லையாம் அம்மா, மருந்து கொடுப்பார்களாம்’ என்று சொல்லிவிட்டு இரவெல்லாம் விழித்திருப்பானா? அந்தப் பிஞ்சு மனத்தின் பாரத்தை எண்ணிப் பாருங்கள்.

பாரம் மட்டுமன்று, பிழையும் நேரும். ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்க்க வந்த 13 சந்திப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்த ஓர் அறிக்கை 2003இல் வெளிவந்தது. அவற்றில் 396 மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன. மருத்துவத்தையே பாதிக்கக்கூடிய பிழைகளின் பங்கு, மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர்களிடம் 100க்கு 53. உறவினர் போன்று அந்நேரத்திற்குக் கிடைத்தவர்களிடம் 77. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்புச் சட்டத்தின் கீழ் 2016இல் வகுக்கப்பட்ட விதிகள், அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் உயிராபத்தான அவசர வேளை நீங்கலாகச் சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராகக் கொள்ளலாகாது என்று கூறின. நல்ல விதி. பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். பேசுவதற்குப் பயிற்சி பெற்றவர் வரட்டும்.

தாங்குவோரைத் தாங்குவது யார்?

எந்தச் சமூகமாயினும் நோயாளியைப் பராமரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெண்களின் தலையிலேயே விழுகிறது. லத்தீனோ குடும்பங்களில் அது மகளின் கடமை என்றே ஆகிவிட்டது. பகலில் வேலை, மாலையில் தன் பிள்ளைகள், இரவில் தாயின் படுக்கையருகே காவல். ‘எனக்கு முடியவில்லை’ என்று அவள் சொன்னால், அன்பில்லாதவள் என்று ஆகிவிடுமோ என்ற அச்சம். தாய் என்பவள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு தன்னைத் தேய்த்துக் குடும்பத்தை வளர்ப்பவள் என்னும் இலட்சியத்திற்கு அங்கே ‘மரியானிஸ்மோ’ என்று பெயர். இந்த இலட்சியத்தில் வளர்ந்த பெண்ணுக்கே நோய் வந்துவிட்டாலோ, பிறர் தன்னைக் கவனிப்பதை ஏற்கவும் அவளுக்குத் தெரிவதில்லை. மருந்தேற்றிவிட்டு வந்த கையோடு அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

அரிசோனா பல்கலைக்கழகத்தார் மார்பகப் புற்றுநோய் கண்ட லத்தீனாப் பெண்களுக்குத் தொலைபேசி வழியே ஆறுதலும் விளக்கமும் வழங்கி ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிக்கு மட்டுமன்றி, அவருக்குத் துணை நிற்பவருக்கும் தனியே தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள். அந்தத் துணை கணவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மகளாகவோ சகோதரியாகவோ தோழியாகவோ இருக்கலாம். ஒருவர் அழைத்து, ‘நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டது இரு சாராருக்கும் நன்மை தந்தது. நோயாளியை விசாரிக்கச் செல்லும் நாம், பக்கத்தில் நிற்கும் அந்த மகளை என்றைக்காவது விசாரித்திருக்கிறோமா?

சட்டமும் இங்கே துணைநிற்க வேண்டும். 1993ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம், கடும் நோயுற்ற பெற்றோர், துணைவர், பிள்ளை ஆகியோரைக் கவனிக்க ஆண்டுக்கு 12 வாரம் வரை விடுப்பு அளிக்கிறது. ஆனால் அது சம்பளமில்லா விடுப்பு. 50 பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடங்களில் உழைப்போருக்குப் பெரும்பாலும் கிட்டாது. சகோதரியோ பாட்டியோ அச்சட்டத்தின் கணக்கில் பொதுவாகக் குடும்பத்தினர் அல்லர்! கலிஃபோர்னியா மாநிலம் ஒருபடி முன்னே சென்றது. 2004 முதல் அங்கே சம்பளத்தில் ஒரு பங்குடன் விடுப்புக் கிடைக்கிறது. 2014 முதல் உடன்பிறந்தார், பாட்டன், பாட்டி, பேரப்பிள்ளைகள், மாமனார், மாமியார் ஆகியோரைக் கவனிப்பதற்கும் அது பொருந்தும். குடும்பம் என்பதற்கு மக்கள் கொள்ளும் பொருளைச் சட்டம் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறது.

நாட்டமும் முயற்சியும்

ஸ்பானிய மொழியில் ‘ஓஹாலா’ என்றொரு சொல் அன்றாடம் புழங்குகிறது. ‘அப்படி நடந்தால் எவ்வளவு நன்று’ என்று ஏங்கும்போது சொல்வார்கள். இறைவன் நாடினால் என்று பொருள்படும் அந்தலூசிய அரபுத் தொடரின் திரிபே அது. 711 முதல் 1492 வரை ஸ்பெயினில் நிலவிய முஸ்லிம் ஆட்சியின் எச்சமாக அம்மொழியில் தங்கி, கடல் கடந்து அமெரிக்கக் கண்டம் சேர்ந்து, இன்று கத்தோலிக்கத் தாய் ஒருத்தியின் நோய்ப்படுக்கையருகே ஒலிக்கிறது. ‘ஓஹாலா, இந்த மருந்து பலிக்க வேண்டும்!’

எல்லாம் விதி என்று இம்மக்கள் இருந்துவிடுவதால்தான் நோயை முற்றவிட்டு வருகிறார்கள் என்று ஒருகாலத்தில் அறிஞர்கள் எழுதினார்கள். 2007இல் ஆனா அப்ராய்டோ லான்சா என்னும் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதை மறுத்தார்கள். காப்பீடின்மை, வறுமை, மருத்துவமனை எட்டாமை ஆகிய தடைகளைக் கணக்கில் கொள்ளாமல், எளிய மக்களின் நம்பிக்கை மீது பழியைப் போடுவது தகாது என்பது அவர்கள் வாதம். இது நியாயமான பேச்சு. இறைவன் மீது பாரத்தைப் போடுகிற தாய், மருந்தேற்றும் நாளில் காலை ஆறு மணிக்கே பேருந்து நிறுத்தத்தில் நிற்கவும் செய்கிறாள். நம்பிக்கை அவளை முடக்கவில்லை, நடக்க வைத்தது. ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தவக்கல் செய்யுமாறு கற்றிருக்கும் நமக்கு இது புதிதன்று.

புதிய விடியல்

குடும்பம் அருகில் இல்லாதவர்களும் பலர். தாய் மெக்சிகோவில், சகோதரி குவாத்தமாலாவில். உரிய ஆவணம் இல்லாமையால் இவர் அங்கே போனால் திரும்ப முடியாது. அவர்களுக்கு இங்கே வர விசா கிடைக்காது. தொலைபேசித் திரையில் முகம் பார்த்து அழுவதே எஞ்சுகிறது. இத்தகையோருக்கு உறவை எங்கிருந்து கொண்டுவருவது?

வடகலிஃபோர்னியாவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ‘நுவேவோ அமானெசேர்’ என்று பெயர். புதிய விடியல் என்று பொருள். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட லத்தீனாப் பெண்களுக்கே பயிற்சியளித்து, புதிதாக நோய் கண்ட ஸ்பானிய மொழிப் பெண்களிடம் எட்டு வாரம் அனுப்பினார்கள். இவர்களுக்குக் ‘கொம்பான்யெரா’, அதாவது துணைத்தோழி என்று பெயர். நோயைப் பற்றிய விளக்கம், மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்கும் துணிவு, மனக்கலக்கத்தை அடக்கும் வழி, வீட்டாரிடம் மனம்விட்டுப் பேசும் முறை ஆகியவற்றை அவர்கள் கற்பித்தார்கள். 151 பெண்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. துணைத்தோழியைப் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது. வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. தமக்கு முன்னே இதே வேதனையைக் கடந்து, இன்று முடி வளர்ந்து, கண்ணெதிரே உட்கார்ந்து பேசும் ஒரு பெண்ணைவிட மேலான ஆறுதல் வேறென்ன இருக்க முடியும்?

சகோதர சகோதரிகளே! கடல் கடந்த ஒரு சமூகத்தின் வரலாறு இது. ஆயினும் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

வீட்டில் ஒருவருக்கு இத்தகைய நோய் என்ற ஐயம் எழுந்தவுடனேயே, முடிவு வருவதற்கு முன்பே, ‘உங்களிடம் சொல்லட்டுமா, யாரிடம் சொல்லலாம்?’ என்று அவரிடமே கேளுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பெரியவர் ஒருவர் உடன் செல்லுங்கள். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பணிவிடையை ஒரு மகளின் தலையில் சுமத்திவிடாமல், ஆண்மக்களும் மருமக்களும் நாள் பிரித்துக்கொள்ளுங்கள். கைமருந்து ஏதேனும் கொடுத்தால் மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டுக் கொடுங்கள். நலம் விசாரிக்கப் போனால், அங்கே களைத்துப்போய் நிற்கும் அந்தப் பெண்ணிடம், “நீ ஒரு மணி நேரம் படுத்து எழு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

தாங்குவார்கள் என்ற நம்பிக்கை, கடமையுணர்ச்சி தேய்ந்த பின்னும் தேயவில்லை என்று ஆய்வாளர் கண்டதை முன்னே சொன்னேன். நம்மை நம்பியிருக்கும் ஒருவருடைய நம்பிக்கை பொய்த்துவிடாமல் காப்பது நம் கையில் இருக்கிறது. நோயுற்ற அனைவருக்கும் வல்ல இறைவன் நலத்தையும், அவர்களைத் தாங்குவோருக்குப் பொறுமையையும் அருள்வானாக.